1987இல் எழுதிவைத்த கடமை

யாழ். குடாநாட்டில் மாற்றுத்திறனாளிகளைப் பராமரிக்கும் இல்லங்கள் பலவற்றின் அலுவலகச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். கட்டத்துக்குக் கட்டம் அதில் பெயர்கள் எழுதியிருக்கும். கனடாவில் இருக்கும் மகன் தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்கு மதியச் சாப்பாடு கொடுப்பார். லண்டனில் இருந்து ஒரு பிறந்தநாளுக்கு இரவுச் சாப்பாடு வரும். ஒரே நாளை இரண்டு குடும்பங்கள் கேட்டால் ஒருவரைக் காலைச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். பேச்சுச் சிகிச்சையாளரின் மாதச் சம்பளத்தையோ இயன்மருத்துவரின் பயணச் செலவையோ நான் ஏற்கிறேன் என்று தொலைபேசி எடுப்பவர்கள் மிகக் குறைவு.

கொடுப்பவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஷெல் விழுந்த நாட்களிலும், 1995 ஒக்டோபரில் வலிகாமமே எழும்பி நடந்த நாட்களிலும், பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்ற நாட்களிலும் இந்தச் சேவைகள் அடியோடு அழியாமல் நின்றதற்கு அவர்களே காரணம். இன்னொருவர் செலுத்த வேண்டிய கடனையும் சேர்த்து அவர்கள் இத்தனை காலமாகச் செலுத்தி வருகிறார்கள் என்பதே எமது ஆதங்கம். அந்த இன்னொருவர் அரசு.

கைதடி நவீல்ட் பாடசாலை 1956இல் தொடங்கியது. கேட்காத, பேசாத, பார்க்காத பிள்ளைகளுக்கு அங்கிலிக்கன் திருச்சபை திறந்த கதவு அது. சுன்னாகத்தில் வாழ்வகம் பார்வையற்ற பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது. கோண்டாவிலில் சிவபூமி பாடசாலை 2004 முதல் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளை வைத்துக் கற்பிக்கிறது. போரில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்த யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் உருவானது 1987இல். உள்ளம் உடைந்தவர்களுக்கு உளவளத்துணை கொடுக்கச் சாந்திகம் உருவானதும் அதே ஆண்டில்தான்.

1987 எப்படிப்பட்ட ஆண்டு என்பது எமது மூத்த வாசகர்களுக்குத் தெரியும். வைகாசியில் வடமராட்சி மீது படையெடுப்பு, ஆடியில் இந்திய இலங்கை ஒப்பந்தம், ஐப்பசியில் மறுபடியும் யுத்தம். அப்படியொரு ஆண்டில் இந்த மண்ணின் மனிதர்கள் அந்த இரண்டு நிலையங்களையும் தொடக்கினார்கள். அந்த ஆண்டின் நவம்பர் மாதம் கொழும்பில் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சட்டமானது. அதன் மாகாண சபை நிரலில் ஒரு விடயம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது: உடல், உள, சமூக ரீதியாக வலுவிழந்தோரின் புனர்வாழ்வும் நலனும், தொழில் செய்ய இயலாதோருக்கான நிவாரணமும் மாகாணத்தின் பொறுப்பு.

மக்கள் தொடக்கிய இரண்டும் இன்றுவரை வேலை செய்கின்றன. சட்டம் தொடக்கியதற்கு என்ன நடந்தது? வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பரில் நடந்தது. 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. ஆளுநரும் செயலாளர்களும் நிர்வாகம் நடத்துகிறார்கள். கைதடியில் சபை மண்டபம் ஒரு பக்கம், நவீல்ட் பாடசாலை ஒரு பக்கம். அந்தப் பிள்ளைகளுக்காகக் கேள்வி எழுப்ப வேண்டிய இருக்கைகள் வெறுமையாக இருக்கின்றன. சபை இயங்கிய ஐந்து ஆண்டுகளைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். தீர்மானங்களுக்குச் செலவிட்ட நேரத்தில் ஒரு பங்கையாவது மாகாணத்துக்கான நியதிச்சட்டங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும். எமது பிரதிநிதிகளின் தவறு அது. அடுத்த சபையிலும் அது தொடரக் கூடாது.

சட்டம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, எப்படியோ நடக்கிறதுதானே என்று சிலர் கேட்கலாம். ஒரு செயற்கைக் காலை எடுத்துப் பார்ப்போம். ஜெய்ப்பூர் கால் 1968 அளவில் இந்தியாவில் உருவானது. வெறுங்காலோடு தோட்டத்துக்குள் இறங்கலாம், சம்மணம் போட்டு இருக்கலாம், செலவும் குறைவு. அதனால்தான் அது எமது வாழ்க்கைக்குப் பொருந்தியது. ஆனால் எந்தச் செயற்கைக் காலும் ஆயுளுக்கும் நிற்காது. துண்டிக்கப்பட்ட காலின் எஞ்சிய பகுதி காலப்போக்கில் மெலியும், வடிவம் மாறும், பழைய கால் உரசிப் புண்ணாக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக அளவெடுக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு இன்னும் அடிக்கடி. இருபது வயதில் முகமாலைப் பக்கம் மிதிவெடியில் கால் இழந்த ஒருவருக்கு எழுபது வயது வரை எத்தனை கால்கள் தேவை என்று வாசகர்களே கணக்குப் பார்க்கலாம். முதலாவது காலுக்கு நன்கொடையாளர் கிடைப்பார், படமும் எடுப்பார்கள். ஐந்தாவது காலுக்கு, ஏழாவது காலுக்கு யார்? மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. வெடி அகற்றுவதோடு பாதிக்கப்பட்டவர்களைப் பராமரிப்பதும் அந்த உடன்படிக்கையில் அடக்கம். எனவே அந்த ஏழாவது கால் அரசு ஏற்றுக்கொண்ட கடமை.

உளநோயின் கணக்கும் இதேதான். மாதம் ஒருமுறை போடும் ஊசியில் ஒரு மனிதன் சுகமாக வேலை செய்துகொண்டு வீட்டில் இருப்பான். ஊசி இரண்டு மாதம் தவறினால் நோய் திரும்பி வரும், குடும்பம் குலையும். நெடுந்தீவில் இருந்து ஒரு தாய் நாற்பது வயது மகனை யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்குக் கூட்டிவர வேண்டுமென்றால் விடிய முன்னம் எழும்ப வேண்டும், குறிகாட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பஸ், வரிசையில் துண்டு, பிறகு திரும்பும் படகைப் பிடிக்க ஓட்டம். சோளகக் காற்று எழும்பினால் கடல் விடாது. அந்தத் தாய்க்கு எழுபது வயது. மற்றப் பிள்ளைகள் வெளிநாட்டில். தனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியோடு குடாநாட்டில் எத்தனையோ தாய்மார் படுக்கப் போகிறார்கள். ஊசியோடு வீட்டுக்கே போகும் ஒரு சமூக உளநலத் தாதியின் சம்பளம் இந்த நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தூசு. அந்தத் தாயின் வாழ்வில் அது பெரிய மாற்றம்.

போர் தனி மனிதர்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்பதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளிவந்த ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ நூலில் தொடங்கித் திரும்பத் திரும்ப எழுதினார். விரல்விட்டு எண்ணக்கூடிய உளநல வைத்தியர்களோடு அந்தக் காலம் கடந்தது. ஆசிரியர்களுக்கும் கிராமத்துத் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தே அந்த வெற்றிடத்தை அவர்கள் நிரப்பினார்கள். அந்த முறை சரியானது. பயிற்சி பெற்றவர்களுக்கு நிரந்தரப் பதவியும் பதவி உயர்வும் கொடுக்காமல், திட்டப் பணம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம்தான் தவறு.

இப்போது சட்டப் புத்தகத்தைத் திறப்போம். உளநோயாளர் பற்றி இந்த நாட்டில் இன்றும் அடிப்படையாக இருப்பது 1873இன் கட்டளைச் சட்டம். விக்டோரியா மகாராணி காலத்தது. நோயாளியை நீதிமன்ற விசாரணைக்குள்ளாக்கி, பிரித்து அடைத்து வைப்பது என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. கடைசியாகப் பெரிய திருத்தம் வந்தது 1956இல், கைதடிப் பாடசாலை தொடங்கிய அதே ஆண்டில். உளநோய் வைத்தியசாலை இருக்கும் ‘அங்கொடை’ என்ற ஊரின் பெயரே எமது பேச்சில் வசைச்சொல்லாகிப் போனதற்கு இந்தச் சட்டத்தின் மனப்பான்மையும் ஒரு காரணம். 2005இன் தேசிய உளநலக் கொள்கை புதிய சட்டம் வேண்டும் என்றது. வைத்தியர்கள் வரைவு எழுதினார்கள். வரைவு வரைவாகவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய 1996இன் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கதையும் வேறல்ல. அதே உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதற்கேற்ற புதிய சட்டம் இன்னும் பாராளுமன்றத்தைத் தாண்டவில்லை.

சட்டத்தால் உயிர் காக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இலங்கையிலேயே பதில் உண்டு. 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்தின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. அதிக நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பிரிவு 1998இல் நீக்கப்பட்டது. இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. வெங்காயமும் புகையிலையும் செய்யும் எமது தோட்டக் கிராமங்களில், கொட்டிலுக்குள் ஒரு போத்தல் இருந்தது என்ற ஒரே காரணத்தால் போன உயிர்கள் எத்தனை என்பது வைத்தியசாலைத் தாதிமாருக்குத் தெரியும். பணம் இல்லை என்பதை எல்லாவற்றுக்கும் பதிலாகச் சொல்ல முடியாது. அந்த மாற்றத்துக்குப் பெரும் பணம் தேவைப்படவில்லை, விருப்பம் தேவைப்பட்டது.

போதைப்பொருளுக்கு அடிமையான இளைஞர்களையும் இங்கே மறக்க முடியாது. அவர்களை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் பெற்றோர் அலைகிறார்கள். 2022 ஜூனில் கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் இறந்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடியதை நாடு கண்டது. சீருடையின் கீழ் அடைத்து வைப்பது வைத்தியம் அல்ல. குடாநாட்டு வைத்தியசாலைகளிலேயே அதற்கென ஒரு பிரிவும், வீட்டுக்கு வந்தபின் தொடர்ந்து பார்க்க ஆட்களும் வேண்டும்.

நல்லது நடந்தால் அதையும் சொல்ல வேண்டும். வலுவிழந்தோருக்கான மாதக் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் 7,500 ரூபாவில் இருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் கொடுப்பனவு பற்றியும் விண்ணப்பம் பற்றியும் பதிவு விதிகள் பற்றியும் கொழும்பில் இருந்து புறப்படும் சுற்றறிக்கை, இல்லத்தை நடத்துபவரின் மேசைக்கு எப்போது, எந்த மொழியில் வந்து சேருகிறது? முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முந்தி, சிங்களத்தில், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய மங்கலான படமாக வருவதாகச் சேவை நடத்துபவர்கள் எம்மிடம் சொல்கிறார்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. வடக்கில் நிர்வாக மொழியே தமிழ்தான். உரிமை இருப்பது தெரியாதவர் அதைக் கேட்கவும் மாட்டார். 1988இன் சுற்றறிக்கை ஒன்று அரச வேலைகளில் நூற்றுக்கு மூன்றை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அதைக் கேள்விப்பட்ட பட்டதாரிகள் எத்தனை பேர்? பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடி வழக்குப் போட்ட கலாநிதி அஜித் பெரேரா 2009இல் உயர் நீதிமன்றத்தில் அவற்றைப் பின்பற்றச் சொல்லும் உத்தரவும் பெற்றுத் தந்தார். அதற்குப் பிறகும் மேல்மாடியில் கருமபீடம் வைத்துவிட்டு, கீழே நிற்பவரிடம் யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லும் அலுவலகங்கள் குடாநாட்டில் உண்டு.

அரசு கைவைத்தால் இருப்பதும் கெட்டுவிடும் என்ற பயம் சில நிர்வாகிகளிடம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. இல்லங்களை அரசு எடுத்து நடத்த வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவை செய்யும் சேவைக்கு, ஆளுக்கு இவ்வளவு, சிகிச்சைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, ஒப்பந்தப்படி மாதந்தோறும் பணம் கொடுக்க வேண்டும் என்றே கேட்கிறோம். பணம் வாங்கும் இல்லங்கள் தரப் பரிசோதனைக்கும் கணக்காய்வுக்கும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு நடத்தப்படும் இடம் என்பதால் பரிசோதனை தேவையில்லை என்ற வாதத்தை எம்மால் ஏற்க முடியாது. அங்கே இருப்பவர்களில் பலர் தங்களுக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள்.

மாகாண சபைத் தேர்தலைக் காலம் குறித்து நடத்தவேண்டும். அதற்காகக் காத்திருக்காமல் ஆளுநர் அலுவலகம் இரண்டு காரியங்களை இந்த மாதமே செய்யலாம்: மாற்றுத்திறனாளிகள், உளநலம் பற்றிய ஒவ்வொரு சுற்றறிக்கையையும் வந்த அன்றே தமிழில் வெளியிடுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேவை நடத்துபவர்களையும், சேவை பெறுபவர்களையும் அழைத்து ஒரே மேசையில் இருந்து பேசுவது. இந்தச் சேவைகளுக்கான மாகாண நியதிச்சட்டத்தின் வரைவை எழுதவும் தேர்தல் வரை பொறுக்க வேண்டியதில்லை. யாழ். பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை இருக்கிறது, மருத்துவ பீடம் இருக்கிறது. போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலத்தில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். பார்வையற்ற பட்டதாரிகளும், ஊசி போட்டுக்கொண்டு குடும்பம் நடத்துபவர்களும் அந்தக் குழுவில் உறுப்பினராக இருக்கட்டும். புதிய சபை கூடும் முதல் நாளில் அந்த வரைவு உறுப்பினர்களின் மேசையில் இருக்கவேண்டும். வாக்குக் கேட்டு வீட்டுக்கு வரும் வேட்பாளரிடம் அதற்குக் கை உயர்த்துவீர்களா என்று வாசலிலேயே கேளுங்கள்.