வைக்கோலிலிருந்து எரிசாராயம்: தடை எங்கே?

பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல்லறுவடைக்குப் பின் வயல்களிற் கொளுத்தப்படும் வைக்கோலைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசியில் பேச்சு எழுகின்றது. கார்த்திகை கழிவதற்குள் அடங்கியும் விடுகின்றது. அவ்வைக்கோலை எத்தனால் என்னும் எரிசாராயமாக்கி மோட்டார் வண்டிகளை ஓட்டலாம் என்பது வெறுங் கனவன்று. அரியானாவிலுள்ள பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அமைத்த ஆலை 2022 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் திட்ட அளவு. முயற்சி போற்றத்தக்கதே. எனினும், இதற்குள்ள தடை முழுவதும் ஆய்வுக்கூடத்தில் இருப்பதாகப் பலர் எண்ணுவது சரியன்று.

ஆய்வுக்கூடத்துத் தடை எளிதன்று என்பது உண்மை. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு குப்பியில் வெல்லநீரும், மற்றொன்றில் நறுக்கிய வைக்கோல் ஊறிய நீரும் எடுத்து, இரண்டிலும் சிறிது ஈஸ்ட் இடுக. வெல்லநீர் சில மணி நேரத்தில் நுரைத்தெழும். வைக்கோல் நீர் பெரும்பாலும் அசையாது கிடக்கும். வைக்கோலிலும் சர்க்கரை உண்டு. ஆனால் அது செல்லுலோசு என்னும் நீண்ட சங்கிலியாகப் பிணைந்து, லிக்னின் என்னும் பொருளால் பூசப்பட்டுள்ளது. போதாக்குறைக்கு நெல் வைக்கோலில் சிலிக்கா மிகுதி. அது எந்திரங்களைத் தேய்க்கும். ஆகவே அமிலமும் நீராவியும் கொண்டு முதலில் அதனை இளக்கி, பின் நொதிகளால் செல்லுலோசைச் சர்க்கரையாக வெட்ட வேண்டும். இந்நொதிகளைத் தரும் டிரைக்கோடெர்மா ரீசை என்னும் பூஞ்சை, இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களை இற்றுப்போகச் செய்து அறிஞர் கண்ணிற் பட்டது. படைக்குத் தொல்லை, தொழிலுக்கு வரம்! நொதியின் விலை இன்னும் சுமையே. வைக்கோலிலுள்ள சைலோசு என்னும் சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடுவதுமில்லை. ஆயினும் இவற்றுக்கெல்லாம் வழி தெரிந்திருக்கின்றது.

வயலில்தான் கணக்கு இடறுகின்றது. அறுவடை எந்திரம் கதிரை உயரத்தில் அறுத்து, தாளை நிற்கவிட்டு, வைக்கோலைச் சிதறிச் செல்கின்றது. அடுத்த கோதுமை விதைப்புக்கு இருப்பது ஏறக்குறைய மூன்று வாரம். அதற்குள் தாளை அறுத்து, உலர்த்தி, வாரி, கட்டுகளாக்கி, வண்டியேற்ற வேண்டும். ஏக்கருக்கு 2½ டன் எனக் கொண்டால், ஓர் ஆலைக்கு மட்டும் 80,000 ஏக்கர் வைக்கோல் தேவை. பின்பு அதனை மழைக்கும் தீக்கும் தப்பவைத்து ஆண்டு முழுவதும் காக்க வேண்டும். பஞ்சாபின் நெல் வைக்கோலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன். அதனோடு ஒப்பிட்டால் பானிப்பட்டு ஆலையின் தேவை நூற்றில் ஒரு பங்கு!

ஒரு டன்னுக்குக் கிடைப்பது 150 லிட்டர் எத்தனால். அதன் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 100 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு. கட்டுக்கூலி, வண்டிக்கூலி, காவல், நொதி, நீராவி எல்லாம் இதன் விலையிலிருந்தே வரவேண்டும். உழவருக்கோ ஒரு தீக்குச்சி போதும். ஆகவே அடுத்த பேராலைக்கு அடிக்கல் நாட்டுமுன், கட்டு கட்டும் எந்திரங்களையும் ஊர்தோறும் வைக்கோற் கிடங்குகளையும் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைப்பதே முறை என்பது எமது கருத்து.

பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்னும் இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. அந்த எத்தனாலில் மிகப் பெரும்பகுதி கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து வந்தது. வைக்கோலின் பங்கு மிகச் சிறிது. மாணவர் இதனை மயங்காது அறிய வேண்டும்.

மண்ணின் கணக்கும் ஒன்றுண்டு. நெற்பயிர் உறிஞ்சிய சாம்பல் சத்தின் பெரும்பகுதி வைக்கோலில் தங்குகின்றது. கொளுத்தினால் தழைச்சத்து பறந்துவிடினும் சாம்பல் சத்து பெரும்பாலும் வயலிலேயே விழும். கட்டி ஏற்றினால் அதுவும் போய்விடும். வைக்கோலைத் தர உழவர் தயங்குவதை அறியாமை எனத் தள்ளுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. வைக்கோலை இறக்கிய வண்டிகள் வெறுமையாகத் திரும்புவானேன்? ஆலைச் சாம்பலையோ அதற்கு ஈடான உரத்தையோ ஏற்றி வரலாம். விலை பேசும்போதே இதனையும் உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளுமாறு களப்பணியாளர் உழவர் சங்கங்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.