பிறந்த மாதக் கல்லும் நான் எழுதிய பத்தியும்

கனடாவில் வாழும் என் தங்கை அண்மையில் தொலைபேசியில் அழைத்து ஒரு சந்தேகம் கேட்டாள். அவளுடைய மகளுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் வருகிறது. பிள்ளை பிறந்தது செப்டெம்பரில். ரொறன்ரோ நகைக்கடை அட்டவணையின்படி அம்மாதத்துக்குரியது நீலக்கல். அதைப் பதக்கமாக்கிச் சங்கிலியில் கோத்துக் கொடுக்க அவளுக்கு விருப்பம். ஊரிலிருந்து மாமியாரோ, "நீலம் சனியின் கல். சாதகம் பாராமல் பிள்ளையின் கழுத்தில் போடாதே" என்று எச்சரித்திருக்கிறார்.

"அண்ணா, நீங்கள் பத்திரிகைக்காரர். இதில் எது சரி?" என்றாள்.

என்னிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. ஏனென்று சொல்கிறேன்.

1993ஆம் ஆண்டு நான் கொழும்பில் ஒரு வார இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். பக்கத்தின் அடியில் மிஞ்சும் இடத்தை நிரப்ப ஒரு பத்தி தேவைப்பட்டது. ஆங்கிலச் சஞ்சிகையொன்றிலிருந்த பிறந்த மாதக் கற்களின் அட்டவணையைத் தமிழாக்கி, அதனுடன் நமது நவக்கிரகப் பலன்களையும் கலந்து, வாரந்தோறும் எழுதினேன். செவ்வந்திக்கல் மன அமைதி தரும், மரகதம் நோய் தீர்க்கும், முத்து குடும்ப ஒற்றுமையைக் காக்கும் என்றெல்லாம் எழுதிய எனக்கு அப்போது ஒரு மரகதத்தைக் கையில் எடுத்துப் பார்த்த அனுபவம்கூட இல்லை. வாசகர் கடிதங்கள் குவிந்தன.

அவற்றுள் ஒன்றை இன்றுவரை மறக்க முடியவில்லை. மே மாதத்தில் பிறந்த தன் மகனின் நோய் தீரவேண்டுமென்று தாலிக்கொடியை ஈடுவைத்து மரகதம் வாங்கிய தாய் ஒருவர் எழுதியிருந்தார். நோய் குறையவில்லை. அவர் என்மீது குறை கூறவில்லை. "நான் அணிவித்த முறையில்தான் ஏதோ பிழை இருக்கவேண்டும், சரியான முறையைத் தெரிவியுங்கள்" என்றே கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. இரண்டு வாரங்களில் அந்தப் பத்தியைக் காரணம் சொல்லாமல் நிறுத்திவிட்டேன்.

அதன் பின்னரே இவ்விடயத்தைப் படிக்கத் தொடங்கினேன். பன்னிரண்டு கற்களின் கதைக்கு விவிலியம் வரை நீளும் பழைமை உண்டு. ஆனால் இன்று கடைகளில் தொங்கும் பட்டியல், 1912இல் அமெரிக்காவின் கன்சாஸில் கூடிய நகை வணிகர் சங்கத்தினர் வகுத்தது. விற்பனையை ஒழுங்குபடுத்தவே அது பிறந்தது. 1967இல் தன்சானியாவில் கண்டெடுக்கப்பட்ட தன்சனைட், 2002இல் டிசெம்பர் மாதக் கற்களுள் ஒன்றாகியது. 2016இல் ஓகஸ்ட் மாதத்துக்கு ஸ்பினெல் சேர்ந்தது. மாதத்தின் குணம் மாறியதால் அல்ல, சந்தை விரிந்ததால் வந்த மாற்றங்கள் இவை.

நமது நவரத்தின மரபு வேறு வழியில் செல்கிறது. அங்கே கல் மாதத்துக்கு உரியதன்று, கிரகத்துக்கு உரியது. ஆகவே செப்டெம்பரில் பிறந்தோர் அனைவருக்கும் ஒரு பட்டியல் பரிந்துரைக்கும் அதே நீலத்தை, மற்றைய மரபு ஆராயாமல் தொடாதே என்கிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. நானோ இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதியவன்!

இன்னொன்றும் உண்டு. சூரியனின் கல்லான மாணிக்கமும் சனியின் கல்லான நீலமும் ஒரே கனிமம். குருந்தம் என்ற நம் சொல்லிலிருந்தே ஆங்கிலப் பெயரும் பிறந்தது. சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் தைத்தானியமும் கலந்தால் நீலம். புராணத்தில் சனி சூரியனின் மகன். ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்றுக்கு அஞ்சி மற்றொன்றைக் கொண்டாடுகிறோம்.

நம் முன்னோர் கல்லைப் பார்த்த விதத்தில் நான் மதிக்கும் பகுதி வேறு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடை வீதியைக் காட்டும்போது ஒன்பது மணிகளின் குணங்களையும் குற்றங்களையும் நுணுக்கமாகச் சொல்கிறது. இன்று நாம் பலனை விசாரிக்கும் அளவுக்குக் குற்றத்தை விசாரிப்பதில்லை. இலங்கையில் ஒருகாலத்தில் மதிப்பின்றிக் கிடந்த 'கெவுட' எனும் பால்நிறக் கற்களை 1970களில் தாய்லாந்து வணிகர் மலிவாக வாங்கிச் சென்று, கடும் வெப்பத்தில் சூடாக்கி நல்ல நீலங்களாக்கினர். சூடாக்கிய கல் போலியன்று. அதன் நிறமும் மாறாது. ஆனால் சூடாக்காத கல்லின் விலைக்கு அதை விற்பது மோசடி.

ஆகவே தங்கைக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். கல் இயற்கையானதா, செயற்கையானதா, சூடாக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். ஆய்வுகூடச் சான்றிதழ் பெறுங்கள். இலங்கையில் வாங்குவோர் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் கல்லைப் பரிசோதிக்கலாம். மோதிரத்தைவிடக் கழுத்தணியில் கல் அடிபடுவது குறைவு. ஆதலால் மென்மையான முத்தும் ஓபலும் கழுத்துக்கே ஏற்றவை. முத்துமாலையை வாசனைத் திரவியம் பூசிய பின்னரே அணியவேண்டும். கழற்றியதும் வியர்வையைத் துடைக்கவேண்டும். மரகதத்தின் வெடிப்புகளை மறைக்கப் பெரும்பாலும் எண்ணெய் ஊட்டப்பட்டிருக்கும். அதை வெந்நீரில் கழுவக்கூடாது. நீலமோ வைரத்துக்கு அடுத்த கடினம் கொண்டது, தலைமுறைகள் தாங்கும்.

கல்லுக்குப் பொருளே இல்லை என்று நான் வாதிடவில்லை. இரத்தினபுரியில் மரக்குற்றிகளால் முட்டுக்கொடுத்த குழிக்குள் மனிதர் இறங்கி, 'இல்லம்' எனப்படும் சரளையை மேலேற்றி, கூடையிலிட்டு நீரில் அரித்து எடுத்த ஒரு நீலம், அந்நாட்டைப் பார்த்திராத ஒரு பெண்ணின் கழுத்தில் தாயின் அன்பளிப்பாக அமர்கிறது. அந்தப் பொருள் போதும். அச்சத்தையும் நோய் தீரும் என்ற ஆசையையும் அதனுடன் சேர்த்து விற்பதைத்தான் எதிர்க்கிறேன். நம்மவர் கடைகளிலும் தொலைக்காட்சிகளிலும் இணையத்திலும் இன்று அந்த வியாபாரமே நடக்கிறது. அதற்கு ஒருகாலத்தில் நானும் கூலியில்லாத் தரகனாக இருந்தேன்.

தங்கை நீலத்தையே வாங்கிவிட்டாள். மாமியாரின் கோபம் தணியச் சில காலம் ஆகலாம்.

அந்தத் தாய்க்கு எழுதாத பதில்தான் மிச்சம். அம்மா, நீங்கள் அணிவித்த முறையில் பிழையில்லை. பிழை, நான் எழுதிய பத்தியில் இருந்தது.