ஆறாவது தந்திக்கு ஒரு நியாயம் வேண்டும்

சித்தூரிலும் திருப்பதியிலும் கிதார் வாசிக்கிறவர்களுக்குக் குறைவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறார்கள், கல்யாண வரவேற்பில் வாசிக்கிறார்கள், கங்கம்மா ஜாத்திரை சமயத்து மேடைக் கச்சேரிகளில் வாசிக்கிறார்கள். ஆனால் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரில் கோளாறு வந்துவிட்டால், மூடியைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்க்க ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஆள் இல்லாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்ன கோளாறு என்று காது கொடுத்துக் கேட்காமலேயே எல்லோரும் தீர்ப்புச் சொல்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என்னிடம் இருப்பது சின்ன ஆம்ப். 5 வாட், 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. முன்னால் 12ஏஎக்ஸ்7, பின்னால் 6வி6, ஏசியை டிசி ஆக்க 5ஒய்3, ஆக மொத்தம் மூன்றே வால்வு. 1950-களில் ஃபெண்டர் சேம்ப் என்று வந்த சர்க்யூட்டின் வழியில் கட்டப்பட்டது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் விடுமுறைக்கு வந்தபோது தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். இந்தப் பக்கத்து வீடுகளில் பாதிக்கு அப்படி ஓர் உறவினர் உண்டு.

சுவிட்சைப் போட்டதும் நன்றாகத்தான் பாடும். அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு ஆறாவது தந்தியை விரலால் அழுத்தாமல் மீட்டினால், ஸ்வரத்துக்கு அடியில் ‘கொர்ர்’ என்று இன்னொரு குரல் எழும். தந்தி அடங்க அடங்க அதுவும் அடங்கிவிடும். ஐந்தாவது தந்தியில் கொஞ்சம் கேட்கும். முதல் மூன்று தந்திகளில் சுவடே இருக்காது. வால்யூமை மூன்றுக்குக் குறைத்தாலும் இதே கதைதான்.

முதலில் கேட்ட நண்பர், “டியூப் ஆம்ப்னா டிஸ்டார்ஷன் இருக்கத்தானே செய்யும், அதுதானே அழகு” என்றார். எரிக் கிளாப்டன் 1970-ல் ‘லைலா’ ஆல்பத்துக்கு இப்படிச் சின்ன ஆம்ப்பைத்தான் வைத்துக்கொண்டார் என்று உதாரணமும் சொன்னார். அந்த டிஸ்டார்ஷன் எனக்கும் பிடிக்கும். வால்யூமைத் திருகத் திருக ஸ்வரம் தடித்து, விளிம்பில் லேசாகக் கிழிந்து, விரலின் அழுத்தத்துக்குப் பதில் சொல்லும். அது வாசிக்கிறவனின் கைக்குக் கட்டுப்பட்டது. என் ஆம்ப்பில் வந்தது கைக்குக் கட்டுப்படாதது. மெதுவாகத் தொட்டாலும் வந்தது, கீழ் ஸ்வரத்தில் மட்டும் வந்தது, சூடேறினால்தான் வந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே அது அழகு அல்ல, நோய் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சித்தூரில் ஒரு மைக் செட் கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. “வால்வு செட்டுங்களா பாபு? எங்க நாயனா காலத்துது. உள்ள இருக்கிறதை எடுத்துட்டு ஐசி போர்டு வச்சுத் தர்றேன், கும்முனு கேக்கும்” என்றார். திருப்பதியில் இன்னொருவர், ஆம்ப்பை பிளக்கில் செருகிப் பார்க்காமலே “டியூப் போயிருச்சு, மாத்துங்க” என்றார். சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் ஸ்பீக்கர் கோன் போச்சு என்று தன் கடை ஸ்பீக்கரை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒவ்வொருவர் சொன்ன கோளாறும் அவரவர் அலமாரியில் இருந்த சரக்குக்குப் பொருத்தமாக இருந்தது. எந்த ஸ்வரத்தில், எந்த நேரத்தில் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கீழ் ஸ்வரம் ஏன் முதலில் உடைகிறது என்பதற்குக் காரணம் உண்டு. கிதாரின் ஆறாவது தந்தி நொடிக்கு 82 முறை அதிர்கிறது, முதல் தந்தி 330 முறை. ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே போனால், அதே சத்தம் கொடுக்க ஸ்பீக்கர் கோன் சுமார் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு இரண்டு மடங்கு காந்தப் பாய்வைத் தாங்க வேண்டும். சின்ன ஆம்ப்பில் இரும்பும் சின்னது, பெட்டியும் சின்னது. அதனால் எங்கே ஒரு பலவீனம் இருந்தாலும் அது முதலில் வெளிப்படுவது மந்தர ஸ்தாயியில்தான். வீணைக்கு பிக்கப் பொருத்திச் சின்ன ஆம்ப்பில் வாசிக்கிறவர்களுக்கும் இது தெரியும். கீழ் ஸ்வரம் கரகரக்கிறது என்று மட்டும் சொன்னால் அதற்கு ஏழெட்டுக் காரணம் இருக்கலாம். கேள்வி கேட்டுத்தான் அவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்க முடியும்.

வேறு கேபிள், வேறு கிதார் போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பிக்கப் ஆறாவது தந்தியை மிகவும் ஒட்டி நின்றாலும் கீழ் ஸ்வரம் முரட்டுத்தனமாக வரும், அதன் திருகைக் கொஞ்சம் இறக்கினால் போதும். அடுத்த சோதனைக்குக் கைப்பேசியே போதும். ஒலி அலை தரும் செயலி ஒன்றிலிருந்து 70 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல 200 வரை ஆம்ப்புக்குள் அனுப்பிப் பாருங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ‘டர்ர்’ என்றால் பின்பலகைத் திருகோ கைப்பிடியோ ஆடுகிறது. கீழே உள்ள எல்லா இடத்திலும் கரகரத்தால் கோளாறு ஸ்பீக்கரிலோ சர்க்யூட்டிலோ இருக்கிறது. ஆம்ப்பை அணைத்துவிட்டு, இரண்டு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்துக் கோனை மெல்ல அழுத்தும்போது உரசல் கேட்டால் வாய்ஸ் காயில் இடிக்கிறது. அதே ஓம் உள்ள வேறொரு ஸ்பீக்கரை மாட்டிப் பார்த்தால் சந்தேகம் தீரும். ஸ்பீக்கரே இல்லாமல் வால்வு ஆம்ப்பை மட்டும் ஓடவிடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

என் ஆம்ப் வேறு ஸ்பீக்கரிலும் அதே ‘கொர்ர்’ரைத்தான் கொடுத்தது. ரிச்சி தெருத் தீர்ப்பு அதோடு விழுந்தது. வால்வுகளை மாற்றிப் போட்டும் போகவில்லை, திருப்பதித் தீர்ப்பும் விழுந்தது.

கடைசியில் உண்மையைக் கண்டுபிடித்தவர் சித்தூரில் ஒரு காலத்தில் வால்வு ரேடியோ பழுதுபார்த்த பெரியவர். கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. ஆம்ப்பைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “போட்ட உடனேயா தம்பி, சூடான பிறகா?”

ஆம்ப்பைப் பெட்டியிலிருந்து கழற்றி, ஸ்பீக்கர் வயரை மட்டும் இணைத்தபடி கவிழ்த்து வைத்தார். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. அதனால் மீட்டரின் கறுப்புக் கிளிப்பைச் சேஸிஸில் மாட்டிவிட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வலது கையால் மட்டும் சிவப்பு முனையை 6வி6-இன் ஐந்தாவது பின்னில் வைத்தார். அது கிரிட். அங்கே டிசி வோல்ட் பூஜ்யமாக இருக்க வேண்டும். முதலில் பூஜ்யம்தான் காட்டியது. ஆம்ப் சூடேற ஏற எண் நகர்ந்தது, அரை வோல்ட், இரண்டு, நான்கு. ஆறில் போய் நின்றது. அணைத்துவிட்டு அந்த வால்வை உருவி எடுத்து, மறுபடி சுவிட்சைப் போட்டார். வால்வே இல்லாத சாக்கெட்டிலும் அதே பின்னில் வோல்ட் இருந்தது. “வால்வு மேல தப்பில்ல. கண்டென்சர் ஒழுகுது” என்றார்.

முதல் வால்விலிருந்து இரண்டாவதுக்கு இசையை மட்டும் கடத்தி, டிசியை நிறுத்தி வைப்பதுதான் அந்த 0.022 மைக்ரோஃபாரட் கண்டென்சரின் வேலை. வயதாகி, சூட்டில் அது கசியத் தொடங்கினால் கிரிட்டின் மின்னழுத்தம் ஏறுகிறது, 6வி6 தாங்கக்கூடியதைவிட அதிகமாக மின்னோட்டம் இழுக்கிறது, அதன் அலை ஒரு பக்கம் சாய்ந்து நசுங்குகிறது. அலையின் வீச்சு பெரிதாக இருக்கும் இடத்தில், அதாவது ஆறாவது தந்தியில், அது காதுக்கு எட்டுகிறது. 630 வோல்ட் தாங்கும் புதுக் கண்டென்சர் சில ரூபாய்தான். பற்றவைக்க ஐந்து நிமிடம். அந்தக் ‘கொர்ர்’ அன்றோடு போனது.

அவர் அதோடு விடவில்லை. பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கண்டென்சர்களையும் பார்த்தார். எலக்ட்ரோலிடிக் கண்டென்சருக்குச் சூடுதான் எமன். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது, வால்வுக்குப் பக்கத்தில் பெட்டிக்குள் கேட்க வேண்டியதே இல்லை. அந்தக் கண்டென்சர்கள் காய்ந்துபோனால் கீழ் ஸ்வரத்தோடு 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் கலந்து, வாசிக்காத ஒரு பேய் ஸ்வரம் கூடவே வரும்.

அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு அவர் இன்னொன்றையும் சொல்லச் சொன்னார். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே ஸ்டெப் டவுன் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம், 50 ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. அதே வோல்ட்டில் இரும்பின் காந்தப் பாய்வு 20 சதவீதம் கூடும். டிரான்ஸ்ஃபார்மர் கைவைக்க முடியாதபடி சுட்டால் காரணம் அதுவாக இருக்கலாம். 110 வோல்ட் ஸ்டெப் டவுன் போடுவது நல்லது.

இப்போதும் வால்யூம் ஆறைத் தாண்டினால் கீழ் ஸ்வரம் உடையத்தான் செய்கிறது. அது 5 வாட்டின் எல்லை, அதில் எனக்குக் குறையில்லை. அதுவும் வேண்டாம் என்பவர்கள் முதல் வால்வின் கேத்தோடில் 25 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இருந்தால் அதை 1-க்குக் குறைத்து, பேஸைக் கொஞ்சம் வெட்டலாம்.

என் மனம் ஆறாதது வேறு ஒன்றுக்காக. சித்தூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெங்களூரில், பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-லேயே ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. அந்த வால்வுகளைப் போட்ட ரேடியோக்களைப் பழுதுபார்க்க அப்போது ஊருக்கு ஊர் ஆள் இருந்தார். இன்று வால்வு ஸ்லோவாக்கியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறது. அது பரவாயில்லை, சாமான் எங்கிருந்தும் வரலாம். மீட்டரை எங்கே வைப்பது என்ற அறிவு எந்தப் பார்சலிலும் வராது. அது அந்தப் பெரியவரைப் போன்றவர்களிடம் இருக்கிறது, அவர்களுக்குப் பிறகு யாரிடம் இருக்கும் என்று தெரியவில்லை. பக்கத்திலேயே எலக்ட்ரானிக் மெக்கானிக் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒருவராவது அவர் வாசலில் வந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள், மரியாதை குறையாது. தெரியும் என்றால் சாமானை விற்பதற்கு முன்னால் ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வாசிக்கிறவர்களிடமும் ஒன்று. அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளைக் கண்டென்சர்களில் உயிரைக் குடிக்கிற மின்சாரம் தங்கியிருக்கும். அதை ரெசிஸ்டர் வைத்து இறக்கத் தெரியாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். உங்கள் ஊரில் வால்வு ரேடியோ பார்த்த பெரியவர் யாராவது இருப்பார், விசாரித்துக் கண்டுபிடியுங்கள். ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு போகும்போது எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளை ஒன்றையும் கூடவே அழைத்துப் போங்கள்.