வாப்பாவுக்கு எந்த பைக்? பேரைப் பார்க்க வேண்டாம், பாரத்தைப் பாருங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. 55 வயதைத் தாண்டியவர்களும், அவர்களுக்கு பைக் வாங்கிக் கொடுக்க நினைக்கும் பிள்ளைகளும் பொறுமையாக வாசியுங்கள்.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 இல் திரும்பவும் திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய பைக்கையே திருத்தித் திருத்தி ஓடியவர்கள் இப்போது மாற்ற யோசிக்கிறார்கள். ஓய்வுபெறப் போகும் ஆசிரியர்கள் கையில் வரும் பணத்தில் ஒரு பைக் எடுக்க நினைக்கிறார்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகள், "வாப்பாவுக்கு ஒரு நல்ல பைக் எடுத்துக் கொடுங்க" என்று காசு அனுப்புகிறார்கள். "சேர், எது நல்லது?" என்று என்னிடமும் கேட்கிறார்கள். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் 57 வயதில், மனைவியை ஏற்றிக்கொண்டு தினமும் ஓடுபவன் என்ற முறையில் என் பதில் இது: கணவன் மனைவி இருவரும் போவதற்கென்றால், பாரம் குறைந்ததை எடுங்கள். சீசீ, பேர், தோற்றம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம் சொல்கிறேன்.

பைக் ஓடும்போது பாரம் தெரியாது. இருபது, முப்பது கிலோமீற்றர் வேகம் வந்துவிட்டால் எந்த பைக்கும் தானாக நிமிர்ந்து நிற்கும். பாரம் தெரிவது நிற்கும்போதுதான். சந்தியில் நிறுத்தும்போது, ஒழுங்கைக்குள் திருப்பும்போது, கேற்றுக்குள் பின்னுக்குத் தள்ளும்போது, பின்னால் இருப்பவர் ஏறும்போதும் இறங்கும்போதும். வயதானவர்கள் பலர் மெயின் ரோட்டில் ஒழுங்காக ஓடிவந்து, வீட்டு வாசலில்தான் சரிந்து விழுகிறார்கள். வேகம் பூச்சியம், ஆனால் 60 வயதில் இடுப்பு எலும்போ மணிக்கட்டோ உடைவதற்கு அது போதும்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். பல்சர் 150 ஏறத்தாழ 145 கிலோ. யமஹா எஃப்.இஸட். 135 கிலோ அளவில் வரும். ஹொண்டா டியோ, சுசுகி அக்ஸஸ் போன்ற ஸ்கூட்டிகள் 105 கிலோவைச் சுற்றி நிற்கும். பல்சருக்கும் டியோவுக்கும் இடையில் 40 கிலோ வித்தியாசம். அதாவது 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றரைக்கு மேல். இந்த ஒன்றரை மூட்டையையும் சேர்த்துத்தான் நீங்கள் ஒவ்வொரு சந்தியிலும் ஒற்றைக் காலால் தாங்குகிறீர்கள். 30 வயதில் அது ஒன்றுமில்லை. முழங்கால் தேய்ந்த பிறகு அதுதான் எல்லாம்.

இதில் பலர் கவனிக்காத விடயம் ஒன்று இருக்கிறது. பைக்கின் பாரத்தில் பெரும்பகுதி என்ஜின் இருக்கும் இடத்தில், கீழே இருக்கிறது. பின்னால் இருப்பவரின் பாரமோ சீட்டுக்கு மேலே, உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் இருக்கும் பாரம் சரியும்போது அதை நிமிர்த்த அதிக பலம் வேண்டும். ஆகவே மனைவி 65 கிலோ என்றால், பைக் சரியும் நேரத்தில் அந்த 65 கிலோ அதைவிடக் கூடுதலாகவே உங்கள் காலுக்குத் தெரியும். மனைவியின் பாரத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் சமாதானமாக வாழ முடியாது. குறைக்கக்கூடியது பைக்கின் பாரம் மட்டும்தான்.

இரண்டாவது காரணம் நம் வருத்தங்கள். சீனி வருத்தம் இல்லாத வீடு நம்மூரில் குறைவு. பல வருடம் சீனி இருந்தவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையும். கால் நிலத்தில் சரியாகப் பட்டதா, மணலில் பட்டதா, வடிகான் மூடியின் விளிம்பில் பட்டதா என்று உடனே தெரியாது. பின் பிரேக்கைக் காலால் எவ்வளவு மிதித்தோம் என்பதும் மட்டாகத் தெரியாது. ஸ்கூட்டியில் பிரேக் இரண்டும் கையில் இருக்கிறது. பல மொடல்களில் இடதுகைப் பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். கியர் இல்லை, கிளச் இல்லை. கால் இரண்டும் ஒரே ஒரு வேலைக்குத்தான்: நிறுத்தும்போது ஊன்றுவதற்கு. மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது சிறிய விடயம் அல்ல.

அப்படியானால் எல்லோரும் ஸ்கூட்டிதான் எடுக்க வேண்டுமா? இல்லை. ஸ்கூட்டிக்கும் குறை உண்டு. சக்கரம் சிறியது, 10 அல்லது 12 அங்குலம். குழி விழுந்த வீதியில் அந்தச் சக்கரம் குழிக்குள் இறங்கி ஏறும்; 17 அங்குலச் சக்கரம் அதே குழியைக் கடந்து போய்விடும். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை இருவராக அடிக்கடி போகிறவர்கள், எதிரே வரும் பஸ்ஸின் காற்று ஸ்கூட்டியை அசைப்பதை உணர்ந்திருப்பார்கள். வயல் பக்கம் கிறவல் வீதியில் தினமும் போகிறவர்களுக்கும் சின்னச் சக்கரம் தோதுப்படாது.

அப்படியானவர்களுக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. பஜாஜ் சீ.டீ. 100, பிளட்டினா, ஹீரோ ஸ்ப்ளெண்டர் போன்ற பழைய மாதிரி 100 சீசீ பைக்குகள். இவை 110 முதல் 117 கிலோ வரை. பெரிய சக்கரம், நீளமான தட்டையான சீட், பெற்றோலும் குறைவாகக் குடிக்கும். 2022 இல் கியூ.ஆர். வைத்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தந்த நாட்களில் இந்தப் பைக்காரர்கள் எவ்வளவு நிம்மதியாக இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கிளச் பிடிக்கக் கையும், கியர் போடக் காலும் ஒத்துழைத்தால் இவை அருமையான தெரிவு. "பழைய ஆக்கள்ட பைக்" என்று பொடியன்மார் சிரிக்கலாம். பழைய ஆக்களுக்குத்தானே தேடுகிறோம்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாரம் குறைவு என்றதும் இருப்பதிலேயே சின்னதை எடுப்பதும் சரியில்லை. ஸ்கூட்டி பெப் மாதிரியானவை 95 கிலோ அளவில்தான் இருக்கும்; ஆனால் 90 சீசீக்கும் குறைவான என்ஜின். தனியாகப் போகும் ஆசிரியைக்கு நல்லது. நன்றாக வளர்ந்த இருவர் ஏறினால் என்ஜினும் திணறும், பின் ஷொக் அப்சோபரும் அடியில் முட்டும். எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பது பைக்கோடு வரும் கையேட்டில் இருக்கும். உங்கள் இருவரின் நிறையையும் கூட்டி, கடைச் சாமானுக்கு ஒரு பத்துக் கிலோவும் போட்டு, அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். பைக் எடுக்கப் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நம்மூரில் பைக் வாங்குவது ஆண்களின் வேலை. மச்சானையோ மருமகனையோ கூட்டாளியையோ கூட்டிக்கொண்டு போவோம். அவர்கள் என்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். அந்த பைக்கில் பத்து வருடம் பின்னால் இருக்கப் போகிறவர் வீட்டில் சோறாக்கிக்கொண்டிருப்பார். பிறகு பார்த்தால் பின் சீட் உயரமாக, சாய்வாக, ஒரு சாண் அகலத்தில் இருக்கும். அவர் ஏறுவதற்கு மதில் ஓரமாக நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பிரேக்குக்கும் வழுக்கி முன்னுக்கு வருவார். வாயைத் திறந்து சொல்ல மாட்டார். "இண்டைக்கு ஏலாது, நீங்க போங்க, நான் பிறகு போறன்" என்பார். கொஞ்சம் கொஞ்சமாக மகளின் வீட்டுக்குப் போவது குறையும், ராத்தாவைச் சுகம் விசாரிக்கப் போவது குறையும், கிளினிக் நாளும் தவறும். "அவவுக்கு இப்ப வெளியில போற ஆசையில்லை" என்று நாம் நினைப்போம். ஆசை இருக்கிறது. அந்த சீட்டில் ஏறுவதற்குத்தான் பயம்.

ஆகவே கடையிலேயே சில விடயங்களைச் செய்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, காசு உங்களுடையது.

முதலில், பைக்கை நீங்கள் தனியாகப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அது உங்களுக்கான பைக் இல்லை.

அடுத்து, வழமையாகப் போடும் செருப்போடு சீட்டில் இருந்து, இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படுகிறதா என்று பாருங்கள். சீட்டின் உயரத்தைக் கடதாசியில் பார்த்து நம்ப வேண்டாம். சீட் அகலமென்றால் தொடை விரிந்து, உயரம் குறைந்த பைக்கிலும் கால் எட்டாமல் போகும்.

பிறகு மனைவியை ஏற்றி இறக்கிப் பாருங்கள், மூன்று தடவை. கால் வைக்கும் இடம் அவருக்கு எட்டுகிறதா? பிடிப்பதற்குக் கம்பி இருக்கிறதா? ஏறும்போது பைக் உங்கள் கையில் எவ்வளவு ஆடுகிறது?

கடைசியாக, அவரை ஏற்றிக்கொண்டு ஒரு குறுகிய ஒழுங்கையில் திருப்பிப் பாருங்கள். மெயின் ரோட்டில் எவ்வளவு வேகம் போகும் என்று பார்ப்பதை விட இது முக்கியம். இறங்கியதும் அவரிடம் கேளுங்கள். அவர் "சரி" என்றால் மட்டும் முற்பணம் கட்டுங்கள்.

பெண்கள் ஒரு பக்கமாகக் காலைப் போட்டு இருப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். அப்படி இருக்கும்போது அவர்களின் பாரம் ஒரு பக்கம் இழுக்கிறது. ஓடுபவர் முழு வழியும் மற்றப் பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அபாயாவின் ஓரமோ ஷோலின் நுனியோ செயினிலும் சக்கரத்திலும் சிக்கிய கதைகள் நம் எல்லோருக்கும் தெரியும். அபாயாவுக்குள் நீளக் காற்சட்டை போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு இருப்பதுதான் பாதுகாப்பு. இது மார்க்கத் தீர்ப்பு அல்ல, ஓர் ஆசிரியரின் கருத்து மட்டும். ஒரு பக்கமாகத்தான் இருப்பேன் என்பவருக்குப் பாரம் குறைந்த, தாழ்ந்த சீட் உள்ள பைக் இன்னும் அவசியம். துணியை உள்ளே ஒதுக்கி அமர்ந்த பிறகே புறப்படுங்கள். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். "கிட்டத்தானே" என்று அதை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது ஒன்று. இருவர் போவதென்றால் பின் டயருக்குக் காற்றுக் கூட அடிக்க வேண்டும். டியோ, அக்டிவா போன்றவற்றுக்குத் தனியாக ஓட 29, இருவருக்கு 36 என்று கையேட்டில் இருக்கிறது. காற்றடிக்கும் கடையில் நாம் "வழமை போல" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். காற்றுக் குறைந்த டயரில் இருவர் போனால் பைக் வளைவில் நெளியும். "புது பைக் சரியில்லை" என்று பிறகு குறை சொல்வோம்.

இனி வெட்கம் பற்றி. நான் 150 ஐ விற்றுவிட்டு 110 ஸ்கூட்டிக்கு மாறியபோது, "சேர் மிஸ்மார்ட ஸ்கூட்டியில வாறார்" என்று பள்ளிக்கூடத்தில் பொடியன்மார் சிரித்தார்கள். ஒரு வாரம் சிரித்தார்கள், அவ்வளவுதான். நம் வயது ஆண்கள் பலர் பாரமான பைக்கை விடாமல் வைத்திருப்பதற்கு இந்தச் சிரிப்புக்குப் பயப்படுவதுதான் காரணம். ஸ்கூட்டி பெண்களுடையது என்று எங்கும் விதி இல்லை. நாமாகப் போட்டுக்கொண்ட சட்டம் அது.

பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை. "வாப்பா, இனி பைக் ஓட வேணாம்" என்று சாவியை வாங்கி வைக்க அவசரப்படாதீர்கள். கண் பார்வை, தலைச்சுற்று என்று டொக்டர் தடுத்தால் அது வேறு. மற்றப்படி சாவியை வாங்கினால் உம்மாவின் காலையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறீர்கள். பஜாருக்கும் கிளினிக்குக்கும் ஜனாஸா வீட்டுக்கும் ஒவ்வொரு தடவையும் ஓட்டோவுக்குக் காசு கேட்டு உங்கள் முகத்தை அவர்கள் பார்க்க வேண்டும். பாரத்தை 40 கிலோ குறைத்துக் கொடுங்கள். இன்னும் பல வருடம் அவர்கள் தங்கள் விருப்பத்துக்குப் போய் வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

பெரிய பைக்கிலிருந்து மாறிய காக்காமார், சாச்சாமார் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். முக்கியமாக, பின்னால் இருந்து வரும் ராத்தாமார், உம்மாமார் எழுதுங்கள். எந்த சீட் சுகம், எது பயம் என்று உங்களிடமிருந்துதான் நாங்கள் கேட்க வேண்டும்.