கலர் தண்ணி

பிள்ளையார் சதுர்த்தி நெருங்கினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை வந்துவிடும். களிமண்ணில் செய்யுங்கள், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேண்டாம், தெர்மகோல் வேண்டாம், நச்சுச் சாயம் வேண்டாம், சொன்ன இடத்தில் மட்டும் கரையுங்கள். மத்திய வாரியம் 2020 மே மாதம் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல்களின் சாரமும் இதுதான். இந்த வாரமும் அறிக்கை வந்தது. அதைப் பாராட்டி நாலு வரி, கரை ஒதுங்கும் தும்பிக்கைகளைப் பற்றி ஒரு பத்தி, முடிவில் பக்தகோடிகளுக்கு ஒரு கும்பிடு என்று திட்டம் போட்டுத்தான் உட்கார்ந்தேன். எங்கள் அடுக்ககச் செயலாளர் அதைக் கெடுத்தார்.

நல்ல மனிதர். அறிக்கையைப் படித்த வேகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தைகளுக்குப் ‘பசுமைப் பிள்ளையார்’ முகாம் வைத்தார். ஆளுக்கொரு களிமண் பிள்ளையார். வண்ணம் பூச அக்ரிலிக். களிமண் கரைந்துவிடும், அதன்மேல் காய்ந்த அக்ரிலிக் கரையாது, பிளாஸ்டிக் தோலாக உரிந்து மிதக்கும். இதைச் சொல்வதற்குள் பிள்ளைகள் தொப்பை வரைக்கும் வந்துவிட்டார்கள். சரி, குழந்தைகள் சந்தோஷம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் தாங்கவில்லை. தூரிகை அலசிய தண்ணீர், வாளி வாளியாக, காவியும் பச்சையும் தங்கநிறமும் கலந்து குட்டைச் சேறு போல நின்றது. அதைத் தூக்கிப் போய் வாசலில் இருக்கும் மழைநீர் வடிகாலில் ஊற்றினார்கள்.

“கலர் தண்ணிதானே சார்” என்றார் செயலாளர். “டப்பாவுலயே போட்டிருக்கான் பாருங்க, நான்-டாக்சிக்.”

என் தீராத வழக்கு இந்த நான்-டாக்சிக்கோடுதான். பழைய வாசகர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். ஓவியச் சாமான்களின் மேல் இருக்கும் அந்த முத்திரை, படம் வரைபவரின் உடம்பைப் பற்றிப் பேசுகிறது. வழக்கமான முறையில் பயன்படுத்தினால் உங்களுக்குக் கெடுதல் இல்லை என்கிறது. வடிகாலைப் பற்றியும், அது போய்ச் சேரும் கூவத்தைப் பற்றியும், அடையாற்று முகத்துவாரத்து மீனைப் பற்றியும் அது வாயே திறக்கவில்லை. சென்னையில் கழிவுநீர்க் குழாயில் போவதாவது கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி என்று எங்காவது ஒரு சுத்திகரிப்பு நிலையத்தை எட்டிப் பார்க்கும். மழைநீர் வடிகாலில் ஊற்றியது நேராக ஆறு, கால்வாய், கடல்.

எண்ணெய் வண்ணக்காரர்களுக்கு இந்த மயக்கம் வராது. டர்பன்டைன் நாற்றமே அவர்களை எச்சரித்துவிடும். 1955இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஹென்றி லெவிசன் லிக்விடெக்ஸ் என்ற பெயரில் நீரில் கரைத்துத் தீட்டும் அக்ரிலிக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து ஓவியர்களுக்கு வாழ்க்கை எளிதாயிற்று: நாற்றம் இல்லை, சீக்கிரம் காயும், குழாயடியில் கழுவலாம். தண்ணீரில் கழுவ முடிகிறது என்பதாலேயே தண்ணீருக்குச் சொந்தம் என்ற எண்ணம் வந்துவிட்டது. உண்மையில் அந்த டப்பாவுக்குள் இருப்பது, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துளிகளும் நிறமித் தூளும் தண்ணீரில் மிதக்கும் கலவை. அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சோப்பு மாதிரி ஒரு பொருள், கெட்டுப்போகாமல் இருக்கக் கிருமிக்கொல்லி. காய்ந்தால் மறுபடி தண்ணீருக்குத் திரும்பாது. உங்கள் பேசின் வளைகுழாய்க்கு இது தெரியும்.

தொழில்முறை ஓவியர்களின் விலை கூடிய மஞ்சளிலும் சிவப்பிலும் காட்மியம் உண்டு. ஓவியர்கள் பேசினில் தூரிகை கழுவுகிறார்கள், அது கழிவுநீர்ச் சேற்றில் படிகிறது, சேறு வயலுக்கு உரமாகிறது, அங்கிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு வருகிறது என்று சொல்லி, ஓவிய வண்ணங்களில் காட்மியத்தையே தடைசெய்யக் கேட்டது ஸ்வீடன். ஐரோப்பா முழுக்க ஓவியர்கள் கொதித்தார்கள். ஓவியர்களால் சேரும் பங்கு மிகச் சொற்பம் என்று சொல்லி 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கோரிக்கையைத் தள்ளியது. ஓவியர்கள் ஜெயித்தார்கள். ஆனால் பேசினில் ஊற்றலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அதை ஜெயித்தவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

நியூயார்க் மாநிலத்தில் கோல்டன் என்று ஓர் அக்ரிலிக் கம்பெனி இருக்கிறது. வண்ணம் விற்பவர்களே, கழுவிய தண்ணீரை என்ன செய்வது என்றும் சொல்லித் தருகிறார்கள். வாளியில் அலுமினியம் சல்பேட்டைப் போட்டுக் கலக்கு, பிறகு நீற்றுச் சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கு, நிறமெல்லாம் திரிந்து அடியில் போகும், வடிகட்டு, கசடைக் குப்பையில் போடு, தெளிந்ததைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்று. இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா ஞாபகமே வரவில்லை. பாட்டி வீட்டு முற்றத்துத் தவலைதான் வந்தது.

ஆற்றில் புதுவெள்ளம் வந்த நாட்களில் தண்ணீர் செம்மண் குழம்பாகத்தான் வீட்டுக்கு வரும். பாட்டி படிகாரக் கட்டியைக் கையில் பிடித்துத் தண்ணீருக்குள் நாலு சுற்றுச் சுற்றி எடுத்துவிடுவாள். சீனாக்காரம் என்பாள் அதை. காலையில் அடிமண் அடியில், தெளிவு மேலே. அதன் சூட்சுமம் இவ்வளவுதான்: சேற்றுத் துகள்கள் எல்லாம் எதிர்மின் ஏற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் நேர்மின் ஏற்றம் கொண்டது. உள்ளே போனதும் சண்டை தீர்கிறது. துகள்கள் கைகோத்துத் திரளாகிக் கனத்து அமிழ்கின்றன. நகரத்துக் குடிநீர் நிலையங்களிலும் இதே வேலைக்குத்தான் ஆலம் போடுகிறார்கள்.

படிகாரம் கைவசம் இல்லாவிட்டால் தேற்றாங்கொட்டை. பானையின் உட்புறத்தில் அந்த விதையை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். இது நேற்றைய வழக்கம் இல்லை. கலித்தொகையின் நெய்தற்கலியில், பிரிவால் மனம் கலங்கிய ஒருத்தி தலைவன் வந்ததும் தெளிந்ததைச் சொல்ல, புலவர் நல்லந்துவனார் இந்த விதை போட்ட தண்ணீரைத்தான் எடுத்துக்கொள்கிறார். இல்லம் என்பது மரத்துக்கு அவர் காலத்துப் பெயர். உவமை எடுபட வேண்டுமானால் கேட்பவர் வீட்டிலும் அந்தப் பானை இருந்திருக்க வேண்டும். சூடானில் நைல் கரைப் பெண்கள் இதே வேலைக்கு முருங்கை விதையை இடித்துப் போட்டார்கள். முருங்கையை நாம் சாம்பாரோடு நிறுத்திக்கொண்டோம். மனுஸ்மிருதியிலும் தேற்றாங்கொட்டை வருகிறது. அந்த நூலோடு எனக்குத் தகராறு ஏராளம். ஆனால் கொட்டையின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நீர் தெளிந்துவிடாது என்று அது சொல்வதை மட்டும் மறுக்க முடியவில்லை. பசுமை, இயற்கை, நான்-டாக்சிக் என்று டப்பாவில் அச்சடிப்பவர்களுக்கு அதை அனுப்பி வைக்கலாம்.

விதையின் வல்லமை ஆற்றுச் சேற்றோடு சரி. அக்ரிலிக் துகள்களுக்குச் சோப்புக் காவல் இருக்கிறது, லேசில் சேராது. அதற்குப் படிகாரமும் சுண்ணாம்பும் ஜோடியாக வேண்டும். படிகாரம் தண்ணீரைப் புளிக்க வைக்கும். சுண்ணாம்பு அதைச் சரிக்கட்டும், அலுமினியமும் கூழ்போலத் திரிந்து நிறமியை அள்ளிக்கொண்டு இறங்கும். பிஎச் தாளில் ஏழை ஒட்டி நின்றால் சரி. நாட்டு மருந்துக் கடைப் படிகாரத்தில் அலுமினியம் எடையில் 5.7 சதவீதம், கம்பெனிக்காரர்கள் சொல்லும் சல்பேட்டில் 8 சதவீதத்தை ஒட்டி. ஆகவே கொஞ்சம் கூடப் போட வேண்டியிருக்கும், அவ்வளவே.

என் மாடி அறையை ஸ்டுடியோ என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். அங்கே நடைமுறை இதுதான். தூரிகையைத் தண்ணீரில் முக்குமுன் பழைய துணியில் அழுந்தத் துடைத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை துணியிலேயே காய்ந்துவிடும். பிறகு இரண்டு ஜாடி, ஒன்று அழுக்குக்கு, ஒன்று அலசலுக்கு. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவக் கூடாது. தண்ணீர் கொஞ்சம்தான் என்றால் அகலத் தட்டில் ஊற்றி மொட்டைமாடியில் வையுங்கள், மீதியைச் சென்னை வெயில் பார்த்துக்கொள்ளும். அதிகம் என்றால் படிகாரம், சுண்ணாம்பு. சுண்ணாம்பு கண்ணையும் கையையும் புண்ணாக்கிவிடும். கையுறை, கண்ணாடி அவசியம். வடிகட்ட அமெரிக்கர்கள் காபித் தாள் வைக்கிறார்கள். நம் டிகாக்‌ஷன் பில்டரைத் தயவுசெய்து தொடாதீர்கள், வேட்டித் துணியை நாலைந்தாக மடித்துக்கொள்ளுங்கள். காய்ந்த கசடைப் பொட்டலமாகக் கட்டிக் குப்பையில் சேருங்கள். அதில் காட்மியம், கோபால்ட் இருந்தால் பழைய பெயிண்ட் டப்பா, பேட்டரியோடு வீட்டு அபாயக் கழிவில் போக வேண்டும்.

தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். கிருமிக்கொல்லியும் சோப்பும் அதில் இன்னும் இருக்கும். துளசிக்கு வேண்டாம், மழைநீர் வடிகாலுக்கும் வேண்டாம், கழிப்பறையில் ஊற்றுங்கள்.

செயலாளருக்கு ஒரு வார்த்தை. அடுத்த வருஷமும் முகாம் வையுங்கள் சார், நானும் வருகிறேன். வண்ணத்துக்கு மஞ்சளும் குங்குமமும் செங்காவியும் போதும். அக்ரிலிக்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் வாங்கிக் கொடுங்கள், அதே ரசீதில் படிகாரமும் சுண்ணாம்பும் சேரட்டும். வாளியை அன்றே ஊற்றாமல் மறுநாள் காலை பிள்ளைகளையே வந்து பார்க்கச் சொல்லுங்கள். முகாமில் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அந்த வாளியில்தான் இருக்கிறது.