சதுரங்க யந்திரத்தின் ஊகமும் நிச்சயமும்

சதுரங்கப் போட்டிகளின் நேரலையில், பலகைக்குப் பக்கத்தில் ஏறி இறங்கும் மதிப்பீட்டுப் பட்டையைத் தெய்வவாக்காகவே கொண்டு, பால்யம் முதல் அப்பியாசம் செய்து தேர்ந்த ஆட்டக்காரரை "இதுகூடத் தெரியவில்லையே!" என்று எள்ளி நகையாடும் வழக்கம் பெருகிவருகிறது, அந்தப் பட்டையில் ஊகமும் நிச்சயமும் ஒரே வேஷத்தில் உலவுவதை நகையாடுவோர் கவனிப்பதில்லை.

ஆட்டத்தின் பெரும்பகுதியில், அந்தப் பட்டையை இயக்கும் என்ஜின், அதாவது சதுரங்கம் கணிக்கும் மென்பொருள், சொல்வது, எவ்வளவு கூர்மையானதாயினும், ஊகமே. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ எஞ்சிய நிலைகளுக்கு மட்டும், மாட்டாகும் நிலையிலிருந்து பின்னோக்கிக் கணித்துக்கொண்டே போய், வெற்றியா, தோல்வியா, சமனா என்று ஐயமற நிர்ணயித்த 'டேபிள்பேஸ்' அட்டவணைகள் உண்டு. ரொனால்ட் டி மான் 2013இல் வெளியிட்ட சிசிஜி முறையில், ஆறு காய்கள் வரையிலானவை ஏறத்தாழ 150 ஜிகாபைட்டில் அடங்கிவிட, 2018இல் பூர்த்தியான ஏழு காய் அட்டவணைகளோ சுமார் 17 டெராபைட் இடத்தை விழுங்குகின்றன.

பலகையில் பத்துக் காய்கள் நிற்கும்போதே, ஸ்டாக்ஃபிஷ் போன்ற என்ஜின், வெட்டுகளால் அவை ஏழாகக் குறையும் கிளைகளை எட்டியதும் தன் மதிப்பீட்டைக் கைவிட்டு, அட்டவணையின் தீர்ப்பையே எடுத்துக்கொண்டு திரும்புகிறது. பலகையிலேயே ஏழு காய்கள் ஆனபின், அடுத்த வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ எத்தனை தூரத்தில் இருக்கிறது என்னும் இன்னோர் அட்டவணையைக் கொண்டு, வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இன்றி 50 நகர்த்தல்கள் கழிந்தால் சமன் கோர இடந்தரும் விதியால் வெற்றி நழுவாமல் காத்துக்கொள்கிறது. (இந்தத் தூரத்தை மட்டுமே நோக்கி ஆடினால், வீணாக ஒரு காயைப் பலிகொடுக்கும் விபரீதமும் நேரும், நிச்சயமும் அழகும் ஒன்றல்லவே.)

அந்த நிச்சயம் மனிதனுக்கு எட்டுவதா? 1970களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்ப்ஸன், ராணிக்கும் யானைக்குமான இறுதியாட்டத்தை முழுவதும் கணித்து, யானையின் பக்கத்தை யந்திரத்திடம் ஒப்படைத்தபோது, எதிரே அமர்ந்த கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுன், 31 நகர்த்தல்களில் வெல்லத்தக்க நிலையை 50 நகர்த்தல்களிலும் வெல்ல இயலாது திகைத்தார்; பாடநூல்கள் கூடாதென்று விலக்கிய விதமாக, யந்திரம் யானையை ராஜாவிடமிருந்து பிரித்துத் தூரத்தில் நிறுத்தித் தப்பித்தது. பின்னர்ப் பயின்று திரும்பிய பிரவுன், வேறொரு நிலையில், மிகச் சரியாக 50ஆவது நகர்த்தலில் யானையை வெட்டினார்.

ஆகவே, அட்டவணையின் தீர்ப்பு எது, என்ஜினின் ஊகம் எது என்பதை ஒளிபரப்புவோர் வெவ்வேறு நிறத்தில் காட்டட்டும். தீர்ப்பே ஆயினும், ஓடும் கடிகாரத்தின் முன் அமர்ந்து ஆடுகிறவரை ஏளனம் செய்ய அது அத்தாட்சி ஆகாது.