பத்து வயதுப் பிள்ளைக்குப் பரீட்சைப் பயமா?

"பயம் இருந்தால்தான் பிள்ளை படிக்கும்" என்கிறார்கள் மேதாவிகள். பொய்! பயந்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது; ராத்திரி திடுக்கிட்டு விழிக்கும், காலையில் வயிற்றுவலி என்று அழும்.

2019-ல் தமிழ்நாடு சர்க்கார் 5, 8-ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. ஆசிரியரும் பெற்றோரும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கியது. ஆனால் 2024 டிசம்பரில் மத்திய சர்க்கார், தன் பள்ளிகளில் மறுதேர்விலும் தவறும் பிள்ளையை அதே வகுப்புகளில் நிறுத்தி வைக்க விதி செய்தது. பெயிலானால் பணக்காரன் பிள்ளைக்கு டியூஷன். நம் பிள்ளைக்கு ஆலையும் வயலும்!

தோழர்களே! வேலை முடிந்து வீடு திரும்பியதும் பிள்ளையை அதட்டாதீர்கள். அருகில் உட்கார வைத்து, என்ன பயமென்று கேளுங்கள். மார்க்கு குறைந்தாலும் நீ எங்கள் பிள்ளைதான் என்று சொல்லுங்கள். பயத்தை விதியாக்கும் சர்க்காரைச் சங்கமாய்த் திரண்டு எதிர்ப்போம்!